அடுப்பு எரியும் வீடு எது?

சென்னை ராயபுரத்தில் இயங்கும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. 2020 தொடக்கத்தில் மூன்று உணவுப் பணிகளை நடத்திவந்தோம். தனியாக வாழும் முதியோருக்கு மதியச் சாப்பாடு, மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சுண்டல் அல்லது முட்டை, கணவரை இழந்த பெண்களின் குடும்பங்களுக்கு மாதம் ஒரு மளிகைப் பை. மூன்றுமே ஜனங்கள் ஓரிடத்துக்கு வந்து வாங்கிக்கொள்வதாக அமைந்தவை. மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. சோறு இருக்கும் இடத்துக்கு ஆள் வர முடியாது, ஆள் இருக்கும் இடத்துக்குச் சோறு போயாக வேண்டும் என்ற நிலை ஒரே இரவில் வந்துவிட்டது.

அதன்பின் கொரோனாவின் இரண்டு அலைகளிலும் எங்கள் அடுப்பு அணையவில்லை. எப்படி முடிந்தது என்று பல ஊர்களிலிருந்தும் கேட்கிறார்கள். நோய் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் இப்படிப்பட்ட வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஊரடங்கு தொடங்கியதும் எல்லோரும் அரிசி மூட்டையோடுதான் வந்தார்கள். நல்ல மனம்தான். ஆனால் பல வீடுகளில் அரிசிக்குக் குறைவில்லை. அரிசி அட்டைதாரர்களுக்கு மாநில அரசு 1,000 ரூபாய் கொடுத்தது. ஏப்ரல் மாதத்து அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை நான்கையும் விலையில்லாமல் கொடுத்தது. மத்திய அரசும் ஆளுக்கு 5 கிலோ கூடுதல் தானியம் அறிவித்தது. எங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வரும் ஆயா ஒருவரிடம் போனில் பேசினேன். “அரிசி கெடக்குதும்மா, கேஸுதான் தீந்துபோச்சு” என்றார். அன்றிலிருந்து தெருத் தெருவாகப் போன் போட்டு நாங்கள் முதலில் கேட்டது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா?

அந்த ஒரு கேள்வி எங்கள் பட்டியலையே மாற்றிப்போட்டது. அடுப்பும் இருக்கிறது, அட்டையும் இருக்கிறது என்றால் அந்த வீட்டுக்கு அரிசி தேவையில்லை. புளி, மிளகாய்த்தூள், கூடுதல் பருப்பு, முட்டை, காய், சோப்பு, மாதவிடாய் நாப்கின் ஆகியவைதான் வேண்டியிருந்தன. அடுப்பு இருந்தும் இந்த ஊரில் அட்டை இல்லாதவர்கள் நிறைய இருந்தார்கள். அட்டையைச் சொந்த ஊரில் வைத்துவிட்டு இங்கே வாடகைக்கு இருக்கும் குடும்பங்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் அவர்கள். அவர்களுக்கு எல்லாமே வேண்டும். பிராட்வே பக்கம் நடைபாதையில் வாழும் குடும்பங்களுக்கும், ஓட்டலை நம்பியே இருந்த சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கும் அடுப்பே கிடையாது. அவர்களுக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுத்து என்ன பயன்? சமைத்த சோறுதான் போக வேண்டும், அதுவும் இரண்டு வேளை. அடுப்பு இருந்தும் அதன் முன் நிற்க உடம்பில் வலுவில்லாத முதியோர் இன்னொரு பக்கம்.

இப்படிப் பிரித்ததும் செலவு கட்டுக்குள் வந்தது. சமைத்த சாப்பாடு ஆளுக்குத் தினமும் செலவு வைக்கும், தினமும் வண்டி கேட்கும். ஒரு மளிகைப் பை ஒரு குடும்பத்தை இரண்டு வாரம் தாங்கும். சில வீடுகளுக்கு 5 கிலோ சிலிண்டரை நிரப்பிக் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. உணவு நிதியில் கேஸுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள் என்று நான் எங்கே போனாலும் சொல்கிறேன். நன்கொடையாளர்கள் முதலில் யோசிப்பார்கள். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

சமையலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் பொட்டலம் கட்டிய சோறு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கல்யாண வீடுகளில் சமைத்தவர்களுக்குத்தான் அத்துப்படி. முகூர்த்தங்கள் நின்றுபோய் அவர்களும் வேலையில்லாமல் இருந்தார்கள். அப்படி ஒரு மாஸ்டரையும் அவர் ஆட்களையும் தினக்கூலிக்கு அமர்த்தினோம். சேவைதானே என்று சும்மா வேலை வாங்கக் கூடாது. அவர்கள் வீட்டிலும் அதே பசிதான். தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம், உருளைக்கிழங்கு மசியல் வேண்டாம் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். தூரம் போகும் வண்டிக்குப் புளிசாதமும் எலுமிச்சை சாதமும். பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும் சாம்பார் சாதம், அதுவும் இறக்கிய சூட்டோடு அண்டாவிலேயே போய், அங்கே கரண்டியால் பரிமாறப்படும். சூடான சோற்றைப் பொட்டலமாகக் கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும். நூறு பேருக்குக் கலவை சாதம் என்றால் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி என்பது அவர் கணக்கு. அதில் பிசகு வந்ததில்லை.

எதில் கட்டுவது என்பதும் ஒரு பாடு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை. வாழையிலை வரத்தும் நின்றுபோனது. அதனால் அவரவர் பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே தள்ளி நிற்கச் சொன்னோம். எங்கள் ஆட்கள் பாத்திரத்தைத் தொடாமல் மேலிருந்து கரண்டியால் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். குப்பையும் இல்லை, கூட்டமும் இல்லை. வீட்டில் எத்தனை பேர் என்று பாத்திரத்தைப் பார்த்தே தெரிந்துவிடும் என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரு கரண்டி கூடுதலாகவே விழும்.

முதியோர் பலருக்குச் சர்க்கரை நோய். மூன்று வேளையும் வெறும் சோறு அவர்களுக்கு ஆகாது. கேழ்வரகுக் கூழ், பயறு, அவித்த முட்டை என்று மாற்றினோம். கோழியால் கொரோனா பரவும் என்ற வதந்தியால் அந்த மார்ச் மாதத்தில் நாமக்கல் முட்டை விலை சரிந்து கிடந்தது. பொய்யை நம்பி ஊர் ஒதுக்கிய முட்டையை நாங்கள் தட்டுத் தட்டாக வாங்கினோம். டியூஷன் பிள்ளைகளின் மாலைச் சுண்டலும் அவர்கள் வீட்டுக்கே கொண்டைக்கடலையாகவும் முட்டையாகவும் போனது.

சரக்கு விஷயத்தில் ஒரே கடையை, ஒரே சந்தையை நம்பி இருக்கக் கூடாது என்பதைச் சென்னை எங்களுக்கு நன்றாகவே காட்டியது. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், 25-ஆம் தேதி கடைத்தெருக்களில் கால் வைக்க இடமில்லை. கையில் எப்போதும் பத்து நாள் சரக்கு இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்ததால் எங்கள் ஆட்கள் யாரும் அந்தக் கூட்டத்துக்குள் போகவில்லை. மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டது, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. அங்கே போய்வர வண்டியும் நேரமும் கட்டுப்படியாகவில்லை. பூசணி, சேனை, கருணை என்று நாள் தாங்கும் காய்களாக வாங்கி அடுக்கினோம். காசிமேடு பக்கத்தில் இருப்பதால் கருவாடும் கை கொடுத்தது. இரண்டு துண்டுக் கருவாடு இருந்தால் ரேஷன் அரிசிச் சோறு அத்தனையும் இறங்கிவிடும் என்று வாங்கியவர்களே சொன்னார்கள்.

வடமாநிலத் தொழிலாளர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்குவது மிக முக்கியம். பீகாரிலிருந்து வந்தவர்கள் கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, வெங்காயம், கடுகெண்ணெய் கேட்டார்கள். ஒடிசாக்காரர்கள் சோறு சாப்பிடுகிறவர்கள்தான், ஆனால் நம் புழுங்கல் அரிசியைவிடப் பருப்பும் எண்ணெயும் கூடுதலாக இருந்தால் போதும் என்றார்கள். எல்லோரும் கேட்ட இன்னொன்று செல்போன் ரீசார்ஜ். ஊரில் இருக்கும் அம்மாவிடம் பேச முடியாதவன் வயிறாரச் சாப்பிடமாட்டான். அதையும் உணவுச் செலவாகவே எழுதினோம்.

அனுமதிச் சீட்டு வேலைக்கென்று ஒரு ஆளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள், அவருக்கு வேறு வேலை வேண்டாம். ஏப்ரல் 12-ஆம் தேதி, கட்சிகளும் தன்னார்வ அமைப்புகளும் நேரடியாக உணவு வழங்காமல் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மாநில அரசு அறிவித்தது. வழக்கு நடந்தது. சில நாட்களில் சென்னை உயர் நீதிமன்றம், முன்கூட்டியே தகவல் தெரிவித்துவிட்டு வழங்கலாம் என்றது. அப்படி விதிகள் மாறிக்கொண்டே இருந்தபோதெல்லாம், வண்டி எண், ஓட்டுநர் பெயர், போகும் தெருக்கள் எல்லாவற்றையும் எழுதிய தாள் எங்களிடம் தயாராக இருந்தது. காலையிலேயே அதன் படத்தைக் காவல் நிலையத்துக்கும் வார்டு அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுவோம். தெருவில் வண்டியை நிறுத்துகிற காவலருக்கும் அது வேலையைச் சுலபமாக்கியது.

மே, ஜூனில் சென்னையிலேயே தொற்று அதிகமாக இருந்த மண்டலங்களில் ராயபுரம் முன்னணியில் நின்றது. தெருக்களைத் தகரம் அடித்து மூடினார்கள். சமையல்கூடம் இருக்கும் தெருவுக்கே தகரம் விழுந்தால்? அதை நினைத்து, ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு குழுக்களாகச் சமையலைப் பிரித்து, இரண்டு இடங்களில் வைத்தோம். ஒரு குழுவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அந்தக் குழு முழுவதும் கூலியோடு வீட்டில் இருக்கும், மற்றது இரண்டு பங்காகச் சமைக்கும். கூலியோடு என்பது முக்கியம். கூலி போய்விடும் என்றால் யாரும் காய்ச்சலைச் சொல்லமாட்டார்கள். தகரத்துக்கு உள்ளே இருந்த தெருக்களில், அந்தத் தெருவிலேயே வாழும் ஒரு பெண்ணைப் பொறுப்பாக்கினோம். தகரம் வரை வண்டி போகும், உள்ளே அவர் பார்த்துக்கொள்வார். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் கணவன் குடிக்கக் கிடைக்காமல் கத்துகிறான், எந்த வீட்டில் வெட்கப்பட்டுக் கேட்காமல் பட்டினி கிடக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மீன் விற்பவர், பூக்கட்டுபவர், சுயஉதவிக் குழுவின் கணக்குப் பார்ப்பவர் என இப்படி அமைந்த பெண்கள்தான் இந்தப் பணியைத் தாங்கினார்கள். வெளியிலிருந்து எத்தனை தொண்டர்கள் வந்தாலும் அவர்களுக்கு ஈடாகாது.

வாங்குபவர் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. நன்கொடை கொடுத்தவர்களுக்கு மூட்டைகளின் படமும் கடை ரசீதும் போகும். ஒன்றிரண்டு பேர் அதனால் விலகினார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டு, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்கு மாற்றித் தருவது தடை செய்யப்பட்டது. பெரிய அமைப்புகள் வழியாக உதவி பெற்றுவந்த சிறிய அமைப்புகள் பல தடுமாறின. ஆனால் மாதம் 200, 300 ரூபாய் தரும் உள்ளூர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்தால் அடுப்பு நிற்காது. எங்களுக்கு அப்படித் தந்தவர்களில் முன்பு எங்களிடம் மளிகைப் பை வாங்கியவர்களும் உண்டு.

2021 மே மாதம் நிலைமை வேறு. இரண்டாவது அலையில் வீடு வீடாக எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். சிலிண்டரும் இருந்தது, அரிசியும் இருந்தது, எழுந்து நின்று சமைக்க யாருமில்லை. முந்தைய ஆண்டு மளிகைப் பை போன வீடுகளுக்கு இப்போது சமைத்த சாப்பாடு போக வேண்டியிருந்தது. வாய் கசந்து, மணம் தெரியாமல் கிடந்தவர்களுக்குப் புளிசாதம் இறங்கவில்லை. குழைந்த சோறு, மிளகு ரசம், இட்லி, கஞ்சி என்று அண்டாக்கள் மாறின. கதவில் மாட்டிய பையில் சாப்பாட்டை வைத்துவிட்டு, போன் செய்து, அவர்கள் குரலைக் கேட்ட பிறகுதான் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தோம். பதில் வராத வீட்டைப் பற்றி உடனே சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் போகும். சிலரை அப்படித்தான் நேரத்துக்கு மருத்துவமனையில் சேர்க்க முடிந்தது.

தெருத் தெருவாகப் போன் போட்டுத் தொகுத்த அந்த வீட்டுப் பட்டியலை இன்றும் ஆண்டுக்கு இரண்டு முறை திருத்துகிறோம். வீட்டில் எத்தனை பேர், அட்டை எந்த ஊரில், அடுப்பு எது, படுக்கையில் யாராவது உண்டா, எந்த மாத்திரை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அதில் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை, போனும் பல இடங்களில் எடுக்கவில்லை. தரைத்தளத்து வீடுகளின் அடுப்பெல்லாம் நீருக்குள். காகிதத்தில் அச்சிட்டு வைத்திருந்த பட்டியலை எடுத்து, தரைத்தளம் எது, மாடி எது என்று தெருப் பொறுப்பாளர்கள் குறித்துக் கொடுத்தார்கள். முதலில் தரைத்தளத்து வீடுகளுக்குச் சமைத்த சாப்பாடும் குடிநீர்க் கேனும் போயின, தண்ணீர் வடிந்த தெருக்களுக்குப் பிறகு மளிகைப் பை.