நீரடியில் மூச்சு

நம் கூமாப்பட்டிக் கிணறுகளில் முங்கி விளையாடும் நாம், ஆழம் போகப்போகக் காது வலிப்பதை அறிவோம். அது நீரின் அழுத்தம். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. பாயில் விதிப்படி, அடைபட்ட காற்றின் கன அளவு பாதியாகிறது. பாம்பன் பகுதியில் கடற்பாசி எடுக்கும் தாய்மார்கள் மூச்சை அடக்கி முங்குகின்றனர். மேலே வருகையில், சுருங்கிய காற்று பழைய அளவையே அடைகிறது; தீங்கில்லை.

2018 வரை ஹேவ்லாக் எனப்பட்ட அந்தமானின் சுவராஜ் தீவில், ஸ்கூபா காற்று உருளை சுமந்து மூழ்குவோர் நிலை வேறு. அவர்கள் ஆழத்திலேயே நெஞ்சு நிறைய மூச்சிழுக்கின்றனர். அதை அடக்கியபடி மேலேறினால், காற்று இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழிக்கக்கூடும். ஆகவே அவர்களுக்கு முதற்பாடம்: மூச்சை அடக்காதே, மெல்ல மேலேறு.

விதி ஒன்றே, நடக்கும் முறைதான் வேறு. தோழியரே, எதையும் காரணம் அறிந்து கற்போமாக!