புரோகிராம் தொங்கினாலும் ஃபேன் ஓடணும்: எல்எம்75 ஓர் அறிமுகம்

புராஜெக்ட்டில் வெப்பநிலை என்றதும் நம்மில் பலர் கை வைப்பது எல்எம்35 மேல்தான். ஏடிசி-யில் படித்து, ஒரு இஃப் கண்டிஷன் போட்டால் ஃபேன் ஓடிடும். சரி, உங்க புரோகிராம் ஏதாவது லூப்பில் மாட்டிக்கிட்டா? மோட்டார் டிரைவர் சூடாகிக்கொண்டே போகும், ஃபேனை ஆன் செய்ய ஆள் இருக்காது. இந்த இடத்தில்தான் தெர்மோஸ்டாட்டையும் உள்ளேயே வைத்திருக்கும் எல்எம்75 உதவுகிறது.

உள்ளே என்ன இருக்கு?

எட்டு பின் உள்ள இந்த சிப் -55 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை, 0.5 டிகிரி படிகளில் அளக்கும். ஐ2சி-யின் இரண்டு கம்பிகள் வழியாகப் பேசும். மூன்று முகவரி பின்கள் இருப்பதால் ஒரே பஸ்ஸில் எட்டு சிப் வரை போடலாம்.

உள்ளே நான்கு ரெஜிஸ்டர்கள்: வெப்பநிலை, கான்ஃபிகரேஷன், மேல் எல்லை, கீழ் எல்லை. பவர் கொடுத்ததும் மேல் எல்லை 80, கீழ் எல்லை 75 என்று தானாகவே இருக்கும்.

எதுக்கு ரெண்டு எல்லை?

60 டிகிரி என்று ஒரே எல்லை வைத்தால், வெப்பநிலை 59.5-க்கும் 60.5-க்கும் நடுவே ஆடும்போதெல்லாம் ஃபேன் ஆன், ஆஃப், ஆன், ஆஃப். ரிலே வைத்திருந்தால் அதன் கான்டாக்ட் சீக்கிரமே தேய்ந்துவிடும். 60-ல் ஆன், 55-ல் ஆஃப் என்றால் இந்தத் தொல்லை இல்லை. இந்த இடைவெளியைத்தான் ஹிஸ்டரிசிஸ் என்கிறோம்.

ஓஎஸ் பின்

எல்லை தாண்டியதைச் சொல்லும் பின் இது. ஓப்பன் டிரெய்ன் என்பதால் புல்-அப் ரெசிஸ்டர் கட்டாயம். கம்பேரேட்டர் மோடில், மேல் எல்லை தாண்டினால் லோ ஆகும். கீழ் எல்லைக்குக் கீழே இறங்கிய பிறகே ஹை ஆகும். 5 வோல்ட் ஃபேன் என்றால், பி-சேனல் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு இந்தப் பின்னை நேரடியாகக் கொடுங்க. நடுவில் மைக்ரோகண்ட்ரோலரே தேவையில்லை.

இன்டரப்ட் மோடை இதற்குப் போடாதீங்க. அதில் ஏதாவது ஒரு ரெஜிஸ்டரைப் படித்தாலே அலர்ட் கலைந்துவிடும், ஃபேனும் நின்றுவிடும்.

கவனிக்க வேண்டியவை

ஒன்று, வாசிப்பு 9 பிட், டூஸ் காம்ப்ளிமென்ட். -0.5 டிகிரிக்கு ஒன்பது பிட்டும் 1 தான். குறியில்லா எண்ணாக எடுத்தால் 511, பாதியாக்கினால் 255.5 டிகிரி!

இரண்டு, பவர் போனால் நீங்க எழுதிய எல்லைகளும் போயிடும். மறுபடி 80, 75. அதனால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபாருங்க. எல்லைகள் அழியாமல் இருக்கணும்னா, அவற்றை ஈஈப்ராமில் வைத்துக்கொள்ளும் டிஎஸ்1621 பாருங்க.

மூன்று, 0.5 என்பது படி மட்டுமே, துல்லியம் இல்லை. -25 முதல் 100 டிகிரி வரை ±2 டிகிரி பிழை வரலாம். ஹீட்சிங்க்குக்கு இது போதும். முட்டை இன்குபேட்டருக்குப் போதாது, 37.5 டிகிரியில் இருக்க வேண்டிய முட்டை 39.5-க்குப் போனால் கரு தாங்காது.

நான்கு, சிப் அளப்பது தன் சொந்த வெப்பநிலையை. பின்கள் வழியாகத்தான் சூடு பெரும்பாலும் உள்ளே வரும். அதனால் சூடாகும் பாகத்தின் பக்கத்திலேயே போர்டில் வையுங்க.

செய்து பாருங்க

மேல் எல்லையை 45, கீழ் எல்லையை 40 என்று எழுதுங்க. மைக்ரோகண்ட்ரோலரின் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஹேர் டிரையரால் சிப்பைச் சூடாக்குங்க. ஃபேன் சுற்றினால் உங்க பாதுகாப்பு உண்மையிலேயே ஹார்ட்வேரில் இருக்கு. சுற்றலைன்னா, டெமோவுக்கு முன்னாடியே தெரிஞ்சது நல்லதுதானே!