கரடி வாழும் காட்டுவழி

நுழையும்முன்

மலையேற்றம் உடலுக்கு உரம், உள்ளத்திற்கு விருந்து. ஆனால், நாம் நடந்து செல்லும் காடு பிற உயிர்களின் வீடு. அவ்வீட்டிற்குள் எப்படி நுழைவது, எப்படி நடப்பது, எப்போது விலகுவது என்பதை அறிந்தவர்க்குக் காடு அச்சமூட்டும் இடமன்று. கரடிகள் வாழும் மலைகளில் மனிதர் தம்மையும் கரடியையும் காத்துக்கொள்ளும் வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

பழைய கதையும் புதிய வினாவும்

நண்பர் இருவர் காட்டுவழியே சென்றனர். எதிரே கரடி வந்தது. ஒருவன் மற்றவனை மறந்து மரத்தில் ஏறிக்கொண்டான். மரமேறத் தெரியாதவன் மூச்சை அடக்கித் தரையில் கிடந்தான். கரடி அவனை முகர்ந்து பார்த்துவிட்டு அகன்றது. நாம் அனைவரும் இளமையில் கேட்ட கதை இது. உண்மையான நட்பு எது என்பதை அது கற்பித்தது.

அக்கதையைக் காட்டியல் அறிவோடு மீண்டும் படித்தால் என்ன தோன்றும்? மரமேறியவன் செய்தது நட்புக்கு மட்டுமன்றி அறிவுக்கும் பொருந்தாத செயல். ஏனெனில், நம் நாட்டுக் கரடி மரமேறும். தேனடைகளையும் பழங்களையும் தேடி அது உயர்ந்த மரங்களிலும் ஏறுவதுண்டு. தரையில் கிடந்தவன் செய்தது பெருமளவு சரியே. எனினும், எப்போது படுப்பது, எவ்வாறு படுப்பது என்பவற்றைக் கதை சொல்லவில்லை. உயிர் காக்கும் செய்தி அவற்றில்தான் உள்ளது.

கரடியை அறிதல்

உலகில் எட்டு வகைக் கரடிகள் உள்ளன. அவற்றுள் நான்கு வகைகள் இந்தியாவில் வாழ்கின்றன. தமிழ்நாட்டுக் காடுகளில் காணப்படுவது ஒரே வகைதான். தேனை விரும்பி உண்பதால் அதனைத் தேன்கரடி என்பர். இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் இது வாழ்கிறது. அடர்ந்த கரிய மயிரும், மார்பில் வளைந்த வெண்ணிறக் கோடும், நீண்டு வளைந்த நகங்களும் இதன் அடையாளங்கள்.

கறையானே இதன் முதன்மை உணவு. நகங்களால் புற்றைப் பிளந்து, உதடுகளைக் குழல்போல் நீட்டி, கறையான்களை உறிஞ்சி உண்ணும். மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாமையால் உறிஞ்சுவதற்கு வழி எளிதாகிறது. புழுதி புகாதவாறு மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் இதனால் இயலும். நாவல், அத்தி, இலந்தை, சரக்கொன்றைக் காய் முதலியவற்றையும் உண்ணும். உண்ட பழங்களின் விதைகளை எச்சத்தின் வழியே பரப்புவதால் காடு வளரவும் துணைசெய்கிறது.

ஏன் தாக்குகிறது?

கரடி மனிதனை உணவாகக் கருதித் தேடி வருவதில்லை. பின் ஏன் தாக்குகிறது? அதன் மோப்ப ஆற்றல் மிகுதி. பார்வையும் செவிப்புலனும் அவ்வளவு கூர்மையானவை அல்ல. தலையைப் புற்றுக்குள் நுழைத்து, பேரொலியுடன் உறிஞ்சிக்கொண்டிருக்கும் கரடி, காற்று எதிர்த்திசையில் வீசினால் நாம் வருவதை அறியாது. மிக அருகில் மனிதனைத் திடீரெனக் காணும்போது அது திடுக்கிடுகிறது.

புலியோடு ஒரே காட்டில் காலங்காலமாக வாழ்ந்துவரும் விலங்கு இது. மானைப்போல் விரைந்தோடித் தப்பும் உடலமைப்பு இதற்கு இல்லை. எனவே, ஆபத்து நெருங்கிவிட்டது என்று கருதினால் முந்திக்கொண்டு தாக்குவதே இதன் தற்காப்பு. குட்டிகளை முதுகில் சுமந்து செல்லும் தாய்க்கரடி இன்னும் விழிப்பாக இருக்கும். ஆகவே, கரடியின் தாக்குதலைச் சினத்தின் வெளிப்பாடு என்பதைவிட அச்சத்தின் வெளிப்பாடு என்பதே பொருந்தும். அதனைத் திடுக்கிடச் செய்யாதிருப்பதே நம் பாதுகாப்பின் முதல் விதி.

நடக்கும்போது

வனத்துறையின் இசைவின்றிக் காப்புக்காட்டிற்குள் நுழைதல் குற்றம். இசைவு பெற்ற பாதையில், அக்காட்டை அறிந்த வழிகாட்டியுடன், குழுவாகச் செல்ல வேண்டும். விடியற்காலை, அந்திவேளை, இரவு ஆகியவை கரடி பெரிதும் நடமாடும் பொழுதுகள். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பிற விலங்குகளைக் காண விரும்புவோர் ஓசையின்றி நடப்பர். கரடி வாழும் இடத்தில் அவ்வமைதியே ஆபத்தாகலாம். வளைவுகளிலும் உண்ணிச்செடிப் புதர்கள் அடர்ந்த இடங்களிலும் நீரோடையின் இரைச்சல் மிகுந்த இடங்களிலும் இயல்பான குரலில் பேசிக்கொண்டே செல்ல வேண்டும். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு நடத்தல் கூடாது.

காடு நமக்கு முன்கூட்டியே செய்தி சொல்கிறது. புதிதாகத் தோண்டப்பட்ட புற்று, மரப்பட்டையில் நகக்கீறல், விதைகள் நிறைந்த எச்சம் ஆகியவற்றைக் கண்டால் கரடி அண்மையில் உள்ளது எனக் கொள்ளலாம். பாறை இடுக்குகளையும் குகைகளையும் எட்டிப் பார்த்தல் கூடாது; அவை அதன் உறைவிடங்கள். நாயை உடன் அழைத்துச் செல்வதும் தவறு. கரடியைக் கண்டு குரைக்கும் நாய், துரத்தப்பட்டால் நம்மிடமே ஓடி வரும். அதன் பின்னே கரடியும் வரும்.

எதிர்ப்பட்டால்

கரடி தொலைவில் தென்பட்டால், வந்த வழியே அமைதியாகத் திரும்பிவிட வேண்டும். படம் எடுப்பதற்காக ஓரடிகூட முன்வைத்தல் கூடாது. குட்டி தனியே தென்பட்டால், தாய் அருகில்தான் இருக்கும். அவ்விரண்டிற்கும் இடையே ஒருபோதும் செல்லக் கூடாது.

அருகில் எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது. கால்கள் ஓடவே துடிக்கும். அத்துடிப்பை அடக்குவதே அந்நேரத்து வீரம். கரடியின் ஓட்டத்தை மனிதர் வெல்ல முடியாது. அதன் மீது வைத்த பார்வையை எடுக்காமல், மெல்ல மெல்லப் பின்வாங்க வேண்டும். குழுவாக இருப்பின் அனைவரும் நெருங்கி நிற்க வேண்டும். கல்லெறிதல் கூடாது. சில வேளைகளில் கரடி பாய்வதுபோல் முன்வந்து, பின் நின்று திரும்பிவிடும்.

உண்மையாகவே தாக்கிவிட்டால், குப்புறப் படுத்து, கைவிரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தைத் தரையோடு பதித்து, அசையாமல் கிடக்க வேண்டும். தேன்கரடி பெரும்பாலும் தலையையும் முகத்தையும் தாக்குவதால் அவற்றைக் காப்பதே முதன்மையானது. ஆபத்து நீங்கியதாகக் கருதினால் அது அகன்றுவிடும். அது சென்றது உறுதியான பின்னரே எழ வேண்டும். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, விரைந்து மருத்துவமனையை அடைந்து, வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி குறித்து மருத்துவரின் அறிவுரையைப் பெற வேண்டும்.

உணவும் குப்பையும்

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் முற்காலத்தில் குப்பைமேடுகளில் கரடிகள் உண்பதை மக்கள் கூடி வேடிக்கை பார்த்தனர். சாலையோரத்தில் கையாலும் உணவளித்தனர். விளைவு என்ன? 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் அங்குக் கரடிகளால் காயமுற்றனர். மனித உணவுக்குப் பழகிய கரடிகள் பல கொல்லப்பட்டன. 1970 முதல் குப்பைமேடுகள் மூடப்பட்டு, உணவளித்தல் கண்டிப்பாகத் தடுக்கப்பட்டது. அதன்பின் காயமுறுவோர் தொகை பெரிதும் குறைந்தது. இன்று அங்குக் கரடியிடமிருந்து குறைந்தது 91 மீட்டர் தொலைவில் நிற்க வேண்டும் என்பது விதி.

இப்பாடம் நமக்கும் பொருந்தும். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலும் குடியிருப்புகளிலும் கரடிகள் உலவுகின்றன. விளக்கெண்ணெயை நாடிக் கோயில்களுக்குள் அவை புகுந்த நிகழ்வுகளும் உண்டு. சுற்றுலா வருவோர் வீசியெறியும் உணவுப்பொட்டலம் ஒன்று, கரடியை ஊருக்கு அழைக்கும் ஓலையாகிவிடுகிறது. எறிந்தவர் மறுநாள் ஊர் திரும்பிவிடுவார். விடியலில் தேயிலை கொய்யச் செல்லும் தொழிலாளியும், புதர்வழியே பள்ளிக்குச் செல்லும் சிறுமியுமே அந்தக் கரடியை எதிர்கொள்வர். நடக்கும் நேரத்தை நம்மைப்போல் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லை. எனவே, மலையேறுபவர் கொண்டுசென்ற உணவின் மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவருதல், முன்பின் அறியாத ஒருவரின் உயிரைக் காக்கும் அறமாகும்.

நிறைவாக

கதையில் கரடி, படுத்திருந்தவன் காதில் ஏதோ சொல்லிச் சென்றது என்பர். இன்றைய கரடி பேசுமானால் இவ்வாறு சொல்லக்கூடும்: “நான் உன்னைத் தேடி வரவில்லை, நீ வருவதை எனக்கு முன்பே தெரிவி. நான் விலகிக்கொள்வேன். ஆபத்து வேளையில் உன் நண்பனை விட்டு ஓடாதே, சேர்ந்து நில்.” அறிவும் நட்பும் அடக்கமும் உடன்வரும் வரையில், கரடி வாழும் காட்டுவழியிலும் நாம் நலமாகச் சென்று திரும்பலாம்.

தெரிந்து தெளிவோம்

• எண்கு, உளியம் என்பன கரடியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள். கரடி இரவில் புற்றைத் தோண்டி உண்பதைச் சங்க அகப்பாடல்கள் காட்டுகின்றன.

• நீண்ட நகங்களையும் முன்பற்கள் இன்மையையும் கண்ட ஆங்கிலேய விலங்கியலறிஞர் ஜார்ஜ் ஷா, 1791இல் தேன்கரடியைத் தென்னமெரிக்காவின் ‘ஸ்லாத்’ என்னும் விலங்கின் இனமாகக் கருதிப் பெயரிட்டார். அதனாலேயே ஆங்கிலத்தில் இது இன்றும் ‘ஸ்லாத் கரடி’ எனப்படுகிறது.

• வட அமெரிக்காவில் மலையேறுவோர் தற்காப்பிற்காக எடுத்துச் செல்லும் தெளிப்பானில் இருப்பது மிளகாய்க்குக் காரம் தரும் பொருளே. அங்குள்ள கருங்கரடி தாக்கினால் எதிர்த்துப் போராட வேண்டும் என்பது அறிவுரை. எனவே, எல்லாக் கரடிகளுக்கும் ஒரே விதி பொருந்தாது.

கற்பவை கற்றபின்

1. ‘கரடியின் தாக்குதல் அச்சத்தின் வெளிப்பாடு’ என்னும் கருத்தைப் பாடத்தின் துணைகொண்டு நிறுவுக.

2. மலைப்பகுதிக்குச் சுற்றுலா செல்லும் உம் பள்ளி மாணவர்க்கான பத்து அறிவுரைகளைப் பதாகையாக எழுதிக் காட்சிப்படுத்துக.

3. நண்பர் இருவரும் கரடியும் கதையை, இப்பாடத்தில் கற்ற செய்திகளுக்கேற்ப மாற்றி எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.