மூன்று போத்தல் கணக்கு

பீர் ஆலைகளின் உறுப்பினர் சங்கத்தில் சந்தா கட்டினால் அரிய பீர் வீடு தேடி வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். சந்தாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாங்கும் உரிமைதான். புதுச் சரக்கு வெளிவரும்போது வெளியாட்களுக்கு முன்னால் உங்களுக்குச் சொல்வார்கள். உங்கள் பெயருக்கு இத்தனை போத்தல் என்று எடுத்து வைப்பார்கள். போத்தலின் விலை வேறு, பெட்டி கட்டும் கூலி வேறு, அது நம் கைக்கு வரும்வரை கெடாமல் பார்த்துக்கொள்ளும் பாடு வேறு. அந்தக் கடைசிப் பாட்டைப் பற்றி எந்த விண்ணப்பத்திலும் ஒரு வரிகூட இருக்காது. ஈப்போவில் இருந்துகொண்டு மெல்பர்ன் ஆலை ஒன்றின் சங்கத்தில் சேர்ந்தவன் நான். எனக்குச் சொல்ல இருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

ஈப்போக்காரனுக்கு மெல்பர்ன் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். மலேசியாவில் பீர் என்றால் நெடுங்காலமாக இரண்டு பெரிய ஆலைகள். ஒன்று சுங்கைவேயில் 1965-ல் கின்னஸுக்காகத் தொடங்கியது. அதன் நிறுவனம் 2016-ல் ஹைனிகன் மலேசியா என்று பெயர் மாறியது. மற்றது ஷா ஆலமில் 1972 முதல் ஓடும் கார்ல்ஸ்பெர்க். கல்யாண வீடோ சீனர் காப்பிக்கடையோ, மேசைக்கு வருவது இந்த இரண்டின் சரக்குதான். வீட்டிலேயே காய்ச்சலாம் என்றால், 1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சிறு ஆலைகளின் கிராஃப்ட் பீர் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கிடைக்கிறது. ஈப்போ பழைய நகரிலும் சில கடைகளின் குளிர்பெட்டியில் பார்க்கலாம். ஆனால் ஓர் ஆலை தன் உறுப்பினருக்கென்று ஒதுக்கும் சரக்கு கப்பலேறி இங்கே வருவதில்லை. யாராவது கொண்டு வந்தால்தான் உண்டு.

சங்கங்களில் பல ரகம். கலிபோர்னியாவில் பேட்ரிக் ரூ என்பவர் 2008-ல் தொடங்கிய 'தி புரூவரி' ஆலை, ஆண்டுச் சந்தாவில் படிப்படியான உறுப்பினர் வட்டங்களை நடத்திப் பேர் வாங்கியது. மேல்படிக்குப் போகப் போக உரிமைகளும் கூடும். பர்பன் பீப்பாயில் ஊறவைத்த அவர்களுடைய 'பிளாக் டியூஸ்டே' என்ற கறுப்பு ஸ்டவுட்டில் மதுசாரம் 19, 20 விழுக்காட்டை ஒட்டிப் போகும். ஒரு போத்தலை ஒரே ஆள் குடிக்க நினைப்பது அறிவுடைமை இல்லை.

இதற்கு நேரெதிர் பெல்ஜியத்தின் வெஸ்ட்வ்லெடெரன். செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் 1830-களின் இறுதியிலிருந்து காய்ச்சுகிறார்கள். சங்கமும் இல்லை, சந்தாவும் இல்லை. நெடுங்காலம் தொலைபேசியில் முறை வாங்கி, வண்டி எண்ணைச் சொல்லி, மடத்து வாசலில் பெட்டியை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2019-ல்தான் இணையப் பதிவுக்கு மாறினார்கள். வாங்கியதை மறுவிற்பனை செய்யாதே என்பது நிபந்தனை. மடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டதால் 2012-ல் ஒரு முறை வெளிநாடுகளுக்கும் விற்றார்கள். உலகமே கேட்டாலும் மடம் நடக்கப் போதுமான அளவுதான் காய்ச்சுவோம் என்கிறவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. செயற்கையாகத் தட்டுப்பாடு உண்டாக்கிக் கூப்பாடு போடும் ஆலைகள்மேல் அது இல்லை.

இன்னொரு ரகமும் இருக்கிறது: உறுப்பினர் என்று சொல்லிப் பங்கு விற்பது. ஸ்காட்லாந்தின் புரூடாக் அப்படித்தான் ரசிகர்களிடம் பணம் திரட்டியது. 2017-ல் டி.எஸ்.ஜி என்ற முதலீட்டு நிறுவனம் முன்னுரிமைப் பங்கோடு உள்ளே வந்ததும், சாதாரணப் பங்கு வைத்திருந்த ரசிகர்கள் வரிசையில் பின்னால் போனார்கள். பீர் வேண்டுமானால் பீர் வாங்குங்கள். பங்கு வேண்டுமானால் பங்குச் சந்தை தெரிந்தவரிடம் கேளுங்கள்.

சேரும் முன் நிபந்தனைகளில் நான் முதலில் பார்ப்பது, சரக்கை எடுத்துக்கொள்ள எத்தனை நாள் தருகிறார்கள் என்பதை. என் சங்கத்தில் சில வாரம்தான். அதற்குள் எடுக்காவிட்டால் போத்தல் பொது விற்பனைக்குப் போய்விடும், பணம் திரும்பாது. அக்கா மகன் மெல்பர்னில் வேலை பார்ப்பதால் எனக்குக் கவலை இல்லை. அவன் பெயரை 'எனக்குப் பதிலாக எடுத்துக்கொள்பவர்' என்று சேரும்போதே எழுத்தில் பதிந்துவிட்டேன். அந்த ஊரில் நம்பிக்கையான ஆள் இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். அடுத்துப் பார்க்க வேண்டியது, சந்தா ஆண்டு முடிவில் தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பது. பெரும்பாலும் படும். கடன் அட்டையில் போன பிறகு கேட்டால் பதில் பணிவாக வரும், பணம் வராது.

இனி, வந்து சேரும் கதை. மலேசியாவுக்குள் வரும் பயணி ஒருவர் வரியில்லாமல் கொண்டு வரக்கூடிய மது 1 லிட்டர். 750 மில்லி போத்தல் என்றால் ஒன்றுதான். 330 மில்லி என்றால் மூன்று, மொத்தம் 990 மில்லி. இந்தக் கணக்கு தெரிந்த நாளிலிருந்து பெரிய போத்தல் சரக்கைக் கண்டால் ஆசைப்படுவதோடு சரி. மூன்று வேறு பீர் கிடைக்கும்போது ஒரே பீரை முக்கால் லிட்டர் எதற்குச் சுமக்க வேண்டும்? 24 விழுக்காட்டுக்குக் கீழ்ப்பட்ட மதுவுக்கு விமானப் பாதுகாப்பு விதியில் அளவு வரம்பு இல்லை. ஆனால் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கைப்பையில் போகாது, சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும். ஒவ்வொரு போத்தலையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, காலுறைக்குள் நுழைத்து, துணிகளுக்கு நடுவில் நிறுத்தச் சொல்வேன். உடைந்தாலும் பையோடு போகும்.

அளவு மீறினால் சுங்கத்தில் அறிவித்து வரி கட்டிவிடுவதே நல்லது. மலேசியா பீருக்கு மதுசாரத்தின் அளவைப் பார்த்துக் கலால் வரி போடுகிறது. 2016 மார்ச் முதல் சுத்த மதுசாரம் லிட்டருக்கு 175 வெள்ளி என்று இருந்தது. 2025 நவம்பரில் 10 விழுக்காடு கூடியது. அதன்படி 5 விழுக்காட்டுப் பீர் 330 மில்லிக்கு மூன்று வெள்ளி சொச்சம். அதே அளவில் 12 விழுக்காட்டு ஸ்டவுட் என்றால் ஏழரை வெள்ளிக்கு மேல். இறக்குமதி வரியும் விற்பனை வரியும் தனி. அரிய சரக்கு பெரும்பாலும் கனத்த சரக்காகவே இருக்கும் என்பதால், விலைப்பட்டியலைப் பார்க்கும்போதே விழுக்காட்டையும் பாருங்கள். தபாலில் 'சாஸ்' என்று எழுதி அனுப்பிவிடலாம் என யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அமெரிக்க அஞ்சல் துறை மதுவை ஏற்பதே இல்லை, மற்ற இடங்களிலும் பிடிபட்டால் போத்தல் போகும், தண்டம் மிஞ்சும்.

எந்தப் பீரைச் சங்கத்தில் வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. குளிர்சாதனம் பழுதுபார்ப்பது என் தொழில், அதனால் சூடு என்ன செய்யும் என்பது கைப்பழக்கமாகத் தெரியும். ஹாப்ஸ் மணத்தையே நம்பி நிற்கும் ஐ.பி.ஏ. வகைகளை நெடுந்தூரம் கொண்டு வராதீர்கள். அந்த மணம் முதலில் போய்விடும். ஆலை வாசலில் மாம்பழமும் எலுமிச்சையுமாக மணந்த கேன், சில மாதம் அலமாரியில் கிடந்து ஈப்போவுக்கு வந்தபோது நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தது. கேன் அதேதான், தயாரித்த தேதி கீழே தெளிவாக அச்சாகியிருந்தது. பயணம் தாங்குபவை கனத்த ஸ்டவுட், பார்லி வைன், புளிப்பு வகைகள். இவற்றுக்கும் வெயில் ஆகாது. பச்சைக் கண்ணாடி, வெள்ளைக் கண்ணாடிப் போத்தல்களில் வெளிச்சம் பட்டாலே ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு துர்நாற்றம் பிறக்கும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு காக்கும். பேராக்கில் மதியம் 33 டிகிரி சாதாரணம். ஒரு பழைய குளிர்பெட்டிக்கு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி 12, 13 டிகிரியில் ஓட்டுகிறேன், போத்தல்களை நிமிர்த்தி வைக்கிறேன். இந்த ஏற்பாட்டுக்கு வசதியில்லாதவர்கள் வாங்கிய மாதத்திலேயே குடித்துவிடுவது மேல்.

தனியாக மட்டும் சேராதீர்கள். நாங்கள் நாலு பேர்: நான், லாரி நடத்தும் நண்பர், ஒரு சீன நண்பர், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சந்தா நாலாகப் பிரியும். 330 மில்லியை நாலு கிளாஸில் ஊற்றினால் ஆளுக்கு 80 மில்லி சொச்சம் வரும், 12 விழுக்காட்டுச் சரக்குக்கு அது போதும். செலவைப் பங்கிட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள். லாபம் வைத்து இன்னொருவருக்கு விற்கத் தொடங்கினால் அது உரிமம் கேட்கும் வியாபாரம். அன்று வண்டி ஓட்டுகிறவர் யார் என்பதை மூடியைத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிடுவோம்.

ஒரு நாள் பெல்ஜியத்தின் கான்டியோன் ஆலை பற்றிப் பேச்சு வந்தது. பிரசல்ஸில் 1900-ல் தொடங்கிய குடும்ப ஆலை. கொதித்த சாற்றை இரவில் அகன்ற தட்டுத் தொட்டியில் ஆறவிட்டு, காற்றில் வரும் காட்டு ஈஸ்ட் தானாக விழுந்து நொதிக்க விடுகிறார்கள். பிறகு பீப்பாயில் ஒன்று முதல் மூன்று ஆண்டு. அதன் போத்தலுக்காக உலகமெங்கும் ரசிகர்கள் அலைகிறார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆசிரியர் குறுக்கிட்டார்: "கள்ளைவிடவா இது கெடைக்காத சரக்கு? காலையில எறக்குனது மறுநாள் காடியாப் போயிடும். அதை எந்த ஊருக்கு அனுப்புவ?"

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. கள்ளும் தானாக நொதிப்பதுதான். பாளையைக் கட்டி, தட்டிப் பதமாக்கி, காலையும் மாலையும் நுனி சீவினால் இனிப்பு நீர் வடியும். முட்டியில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீராக நிற்கும், தடவாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்ட் அப்போதே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் மதுசாரம் 4 விழுக்காட்டைத் தொடும். கூடவே புளிப்புப் பாக்டீரியாவும் வளரும். பெல்ஜியத்தில் ஆண்டுக்கணக்கில் நடப்பதற்கு இங்கே ஒரு பகல் போதும். எங்களில் தோட்டத்திலிருந்து வந்த மூவருக்கும் புளிப்புப் பீர் அதிர்ச்சியாக இல்லாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். சீன நண்பர் முகம் சுளித்தார். தோட்டத்து நாக்குகள் மூன்றும் சுளிக்கவில்லை.

ஆனால் கள்ளுக்கடையைப் பற்றி ஏக்கத்தோடு எழுத எனக்கு மனம் வருவதில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அந்தக் கடையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. வெள்ளைக்காரத் துரைமார் 1895-ல் தொடங்கிய ஈப்போ கிளப் போன்ற இடங்களில் உறுப்பினராகி விஸ்கி குடித்தார்கள். பால்வெட்டுக்காரனுக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை. சந்தா கட்டாமலே அவன் அங்கே உறுப்பினன், கொடுத்த சம்பளம் அப்படியே திரும்பி வரும். 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. 1947-ல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டு போலீசோடு மோதினார்கள். நாங்கள் பீருக்குச் சந்தா கட்டுவதைக் கேள்விப்பட்ட என் பெரியம்மா, "காசையும் குடுத்துட்டு வரிசையில வேற நிக்கிறீங்களாடா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பால்மரம் செம்பனையாகி லயங்கள் காலியான பிறகு, நான் பார்த்த தோட்டத்துக் கடைகளும் போய்விட்டன. பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் கடற்கரைப் பக்கம் தென்னை இன்னும் நிற்கிறது. கள் வேண்டுமானால் உரிமம் உள்ள இடத்தை விசாரித்து, காலையில் போங்கள். முந்திய இரவு மழை பெய்திருந்தால் போக வேண்டாம், முட்டியில் தண்ணீர் கலந்திருக்கும். கொண்டு வருவதானால் கேன் மூடியை இறுக்காதீர்கள், நொதிப்பு நிற்காது, வழியில் வெடிக்கும். மலிவு என்று வரி முத்திரை இல்லாத போத்தலை எந்த ஊரிலும் தொடாதீர்கள். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த போலி மது பலரைக் கொன்றது. பலியானவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம்.

எங்களுக்குக் கள் தருபவர் வழக்கமாக வருகிறவர்களுக்குத்தான் முதலில் ஊற்றுவார். அன்றைக்கே குடித்து முடிக்க முடியாத அளவு கேட்டால் தரமாட்டார், எவ்வளவு காசு நீட்டினாலும். ஆசிரியர் அவருக்கு வெஸ்ட்வ்லெடெரன் மடத்துக் கதையைச் சொன்னார். "அவங்களும் சரியாத்தான் செய்றாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

மெல்பர்ன் சந்தாவை இன்னும் ஓர் ஆண்டு நீட்டியிருக்கிறோம். தீபாவளிக்கு அக்கா மகன் வருகிறான். மூன்று போத்தலில் இரண்டு ஸ்டவுட் என்பது முடிவாகிவிட்டது. மூன்றாவது புளிப்பு வகையாக இருக்க வேண்டும் என்று லாரிக்காரரும், கூடவே கூடாது என்று சீன நண்பரும் வாட்ஸ்அப்பில் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.