படியேறும்போது கெண்டைக்கால் இழுக்கிறதா? இதயத்தையும் பாருங்கள்!

பழநி மலைப் படிகளில் அடிக்கடி காணும் காட்சி இது. கொஞ்ச தூரம் ஏறியதும் அப்பா நின்றுவிடுவார். "கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குதும்மா... நீங்க முன்னால போங்க" என்பார். இரண்டு நிமிஷம் நின்றால் வலி போய்விடும். மறுபடி ஏறினால் அதே வலி. "வயசாச்சு, வேற என்ன?" என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள்.

அவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் அப்படி விடக் கூடாது.

காலில் என்ன நடக்கிறது?

காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து வழி குறுகியிருக்கிறது. சும்மா நிற்கும்போது அந்த ரத்தம் போதும். படியேறும்போது தசை கூடுதலாகக் கேட்கும், கிடைக்காது, வலிக்கும். காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயம், மூளைக் குழாய்களிலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். மாரடைப்பும் பக்கவாதமும்தான் இவர்களுக்குப் பெரிய எதிரிகள். சர்க்கரையால் நரம்பு மரத்துப் போனவருக்கு வலியே தெரியாமலும் போகலாம்!

கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவது எளிய பரிசோதனை. கணக்கு 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று பொருள்.

எந்த மாத்திரை?

சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒன்றுதான் என்ற காலம் போய்விட்டது. இதய நோயும் ரத்தக்குழாய் நோயும் உள்ள 7,020 சர்க்கரை நோயாளிகளிடம் எம்பாகிளிஃப்ளோசின் மருந்தைச் சோதித்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. இதய, ரத்தக்குழாய் நோயால் ஏற்படும் மரணம் 38 சதவீதம் குறைந்திருந்தது. கால் அடைப்பு உள்ளவர்களுக்கும் பலன் கிடைத்தது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த கானாகிளிஃப்ளோசின் பற்றி 2017-ல் ஒரு பயம் கிளம்பியது. அதைச் சாப்பிட்டவர்களில் விரலையோ காலையோ அகற்ற நேர்ந்தது சுமார் இரு மடங்காக இருந்தது. 2019-ல் வந்த அடுத்த பெரிய ஆய்வில் அப்படித் தெரியவில்லை. ஆனாலும் காலில் புண் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் ஊசியை, காலில் அடைப்புள்ள 792 சர்க்கரை நோயாளிகளிடம் ஓராண்டு சோதித்தார்கள். 2025-ல் வந்த முடிவுப்படி, நடக்க முடிந்த தூரம் சுமார் 13 சதவீதம் கூடியது.

பயோகிளிட்டசோன் உடம்பில் நீர் கோக்கவைக்கும். இதயம் பலவீனமானவருக்கு ஆகாது. சாக்ஸாகிளிப்டினிலும் இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது கூடுவதாக 2013-ல் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களே மாற்றாதீர்கள். "டாக்டர், இது சர்க்கரையை மட்டும் குறைக்குமா, இதயத்தையும் காக்குமா?" என்று கேளுங்கள். கொழுப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தேவையா என்றும் கேளுங்கள். பீடி, சிகரெட் அறவே கூடாது.

மலைக்குப் போகும் முன்...

* எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்கள் பாதயாத்திரை, விரதம் என்றால் முன்பே டாக்டரைக் கேளுங்கள். பட்டினியும் நீர் வற்றுவதும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு.

* வெயிலில் சுட்ட கல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். மரத்த காலுக்குக் கொப்புளம் தெரியாது. கொடைக்கானல் குளிரில் வெந்நீர்ப் பையைக் காலில் வைப்பதும் அப்படித்தான். கம்பளிக் காலுறை போதும்.

* கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடப்பது நல்லதுதான். வலி வந்தால் நின்று, போனபின் நடங்கள். டாக்டர் சொன்னால் இதுவே சிகிச்சை. நடக்கும்போது நெஞ்சு வலித்தால் மட்டும் அதோடு நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* படுத்திருக்கும்போதே கால் வலி, ஆறாத புண், கறுத்த விரல் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். திடீரென ஒரு கால் மட்டும் சில்லிட்டு வெளுத்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது.

படியேற முடியாதவருக்கு பழநியில் விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன. அதில் போனால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்!