களப்பயணத்துக்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

சாரணர் படை, தேசிய பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம் ஆகியவற்றுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரிய நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மாணவர்களை மலைக்கும் காட்டோரத்துக்கும் அழைத்துச் செல்லும்போது கையடக்க ஜி.பி.எஸ். கருவி ஒன்று தேவையா? கைப்பேசி இருக்கும்போது தனிக் கருவி எதற்கு? வாங்குவதென்றால் எதை வாங்குவது? கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்துக்கொண்டு சாரணர் படையையும் நடத்திவருகிறேன். எங்கள் பள்ளிக்கு ஒரு கருவி தேர்ந்தெடுத்தபோது எவற்றைப் பார்த்தோம், எவற்றை ஒதுக்கினோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இக்கருவிகளின் விளம்பரங்களைப் பார்த்தால் பெரும்பாலும் வேட்டைத் தொப்பி அணிந்த ஒருவர் காட்டில் நிற்பார். அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவம் தொடங்குமுன் காட்டுக்குள் நடந்து, தடங்களையும் நீர்நிலைகளையும் குறித்துவைத்து, பின்னர் இருட்டில் அதே இடத்துக்குத் திரும்பி வருபவர்கள் இதன் முக்கிய வாடிக்கையாளர்கள். அதனால் பல மாதிரிகளில் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் உகந்த நேரம் காட்டும் நாட்காட்டிகூட இருக்கும். மாணவர்கள் அதைக் கட்டாயம் கண்டுபிடித்து, "ஐயா, இது எதுக்கு?" என்று கேட்பார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. அதே பக்கத்தில் உள்ள சூரிய உதய, மறைவு நேரம் மட்டும் நமக்கு மிகவும் பயன்படும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கைப்பேசியா, தனிக் கருவியா?

கோபுரம் கிடைக்காத இடத்தில் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பெறுவதற்குக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை. கோபுரம் இல்லாவிட்டால் முதல் நிலையைக் கண்டுபிடிக்கச் சற்று அதிக நேரம் ஆகும்; முன்கூட்டியே இறக்கி வைக்காத வரைபடம் திரையில் வராது. அவ்வளவுதான். வகுப்பறைக்கும் பள்ளி மைதானத்துக்கும் ஆசிரியரின் கைப்பேசியே போதும். அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டியதில்லை.

மலைப் பயணத்தில் நிலைமை வேறு. அவசரத்துக்கு அழைக்க நம்மிடம் இருப்பது அந்த ஒரு கைப்பேசிதான். நாள் முழுவதும் தடம் பதிவு செய்து மாலையில் அதன் மின்சக்தி தீர்ந்துவிட்டால், கால் சுளுக்கிய பிள்ளைக்காக யாரையும் கூப்பிட முடியாது. இன்னொன்றும் உண்டு. மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. நம் கைப்பேசியையும் நாம் முப்பது பேர் கையில் கொடுப்பதில்லை. ஆக, ஆசிரியர் பார்த்துச் சொல்வார், மாணவர் எழுதிக்கொள்வார். தனிக் கருவியைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிடலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் வழிகாட்டி. என்னைப் பொறுத்தவரை வாங்குவதற்கான முதற்காரணம் இதுவே.

எதைப் பார்ப்பது?

முதலில் பேட்டரி. உள்ளேயே பொருத்தப்பட்டு மின்னேற்றம் செய்ய வேண்டிய கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சிறு பேட்டரி இரண்டில் ஓடும் கருவியே நமக்கு ஏற்றது; மலைமேல் உள்ள பெட்டிக்கடையிலும் அது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, கார்மின் நிறுவனத்தின் இ-ட்ரெக்ஸ் வரிசையில் 10 என்னும் எளிய மாதிரி இப்படிப்பட்டது. இரண்டு பேட்டரிகளில் சுமார் 25 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. திரை கறுப்பு வெள்ளைதான். அது குறையன்று, உச்சி வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும்.

அடுத்து பொத்தான்கள். வியர்த்த விரலும் மழைத்துளியும் தொடுதிரையைக் குழப்பிவிடும். பொத்தான் உள்ள கருவி அப்படிக் குழம்பாது. நீர் புகாமைக்கு ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். ஓடையைக் கடக்கும் பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு அது போதும்.

வண்ண வரைபடத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. வரைபடம் திரையில் இருந்தால் பிள்ளைகள் நீலப் புள்ளியை மட்டும் பார்ப்பார்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்க்க மாட்டார்கள். எண்ணை மட்டும் காட்டும் கருவியைக் கொடுத்து, தாள் வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொன்னால்தான் ஆறாம் வகுப்பில் படித்த புவிமாதிரிப் பாடம் உயிர்பெறும். ஒன்பதாம் வகுப்பில் வரும் நிலவரைபடத் திறன்களுக்கும் இதுவே நல்ல பயிற்சி.

மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் விலையை ஏற்றும் இரண்டு வசதிகள். அதே வரிசையில் 22எக்ஸ், 32எக்ஸ் என்ற மாதிரிகளுக்கு இடையே உள்ள முக்கிய வேறுபாடு இவைதான். திசைகாட்டி இல்லாத கருவி நாம் நடக்கும்போது மட்டுமே திசையைச் சரியாகக் காட்டும், நின்றுவிட்டால் காட்டாது. ஆனால் சாரணரிடம் ஏற்கெனவே காந்தத் திசைகாட்டி இருக்கிறதே! நம் மாவட்டங்களில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறியது; நடைப்பயணத்துக்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உயரமானி மலைப் பள்ளிகளுக்கு மட்டும் பயன்படும். செயற்கைக்கோள் தரும் உயரம், கிடைமட்ட நிலையைவிடக் கூடுதலாகவே பிசகும்.

எத்தனை செயற்கைக்கோள் அமைப்புகளை வாங்கும் என்பதையும் கவனிக்கலாம். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். உடன் ரஷ்யாவின் குளோனாஸ் சேர்ந்தாலே மரநிழலில் நன்மை தெரியும். நம் இஸ்ரோவின் நாவிக் அமைப்பைப் பெறும் மாதிரி கிடைத்தால் இன்னும் மகிழ்ச்சி. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஏழு செயற்கைக்கோள் திட்டம் என்றாலும் இந்தியாவையும் சுற்றியுள்ள 1,500 கி.மீ. பகுதியையும் கருதியே வகுக்கப்பட்டது.

வாங்கவே கூடாதவையும் உண்டு. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் மாதிரிகள் வெளிநாட்டில் பரவலாக விற்கின்றன. ஆபத்தில் உதவும் என்று நினைத்து உறவினர் யாரேனும் வாங்கிவந்து தரலாம். முன் அனுமதியின்றி அவற்றை நம் நாட்டில் வைத்திருப்பது சட்டவிரோதம். விமான நிலையங்களில் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். சாதாரண ஜி.பி.எஸ். கருவி சமிக்ஞையைப் பெறுவது மட்டுமே செய்யும், எதையும் அனுப்பாது. அதுவே நமக்குப் போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதும்போது "ஜி.பி.எஸ். கருவி ஒன்று" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வண்டியில் பொருத்தும் கண்காணிப்புக் கருவியும் அதே பெயரில்தான் விற்கிறது. கையடக்கமானது, பேட்டரி மாற்றக்கூடியது, பொத்தான் உள்ளது, நீர் புகாதது என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

வாங்கியவுடன் சரிபார்க்க வேண்டியவை

கருவியைவிட முக்கியமானது அதன் அமைப்புப் பக்கம். அங்கே இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, எண்ணை எழுதும் முறை. பாகை, கலை, விகலை என்றும் எழுதலாம். பாகையைத் தசமத்திலும் எழுதலாம். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒரு குழு எழுதி அனுப்பிய 11.30 என்பதை 11 பாகை 30 கலை என்று படித்து வரைபடத்தில் புள்ளி வைத்தாள். 11.30 பாகை என்பது 11 பாகை 18 கலை. வித்தியாசம் 12 கலை. ஒரு கலை சுமார் 1.85 கி.மீ. ஆகவே புள்ளி ஏறத்தாழ 22 கி.மீ. வடக்கே போய்விட்டது! கரும்பலகையில் நடந்ததால் சிரித்துக்கொண்டோம். தொலைந்த குழுவைத் தேடி வருபவர்களுக்கு இப்படி ஓர் எண்ணைச் சொன்னால் அவர்கள் வேறொரு மலையில் தேடுவார்கள். எனவே எல்லாக் குழுவுக்கும் ஒரே முறை என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். நாங்கள் தசமத்தில் ஐந்து இலக்கம் வைத்துக்கொண்டோம். ஐந்தாம் இலக்கத்தில் ஒன்று மாறினால் தரையில் சுமார் 1.1 மீட்டர்.

இரண்டாவது, ஆதாரத் தளம். இதன் பின்னே நம் ஊர் வரலாறு இருக்கிறது. 1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து இந்தியப் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், புவியின் உருவத்துக்கு 1830இல் ஒரு கணக்கு வகுத்தார். இந்தியாவுக்கு நன்றாகப் பொருந்தும்படி அமைந்த அந்த உருவத்தின் மீதுதான் இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலத்தோற்றத் தாள்கள் வரையப்பட்டன. ஜி.பி.எஸ். பயன்படுத்துவதோ உலகம் முழுமைக்கும் பொதுவான டபிள்யூ.ஜி.எஸ். 84. பழைய தாளில் இந்தக் கருவியின் எண்ணை அப்படியே குறித்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் விலகி விழும். ஓடையின் இக்கரையில் நிற்கும் பிள்ளை அக்கரையில் நிற்பதாகத் தெரியும். கருவியைத் திட்டுவதற்கு முன் தாளின் ஓரக் குறிப்பைப் படியுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 அடிப்படையிலேயே உள்ளன.

மைதானத்தில் ஒரு பாடவேளை

மலைக்குப் போகுமுன் மைதானத்தில் இதைச் செய்யுங்கள். கொடிக்கம்பத்தின் அடியில் கருவியை வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறையாகப் பத்து அளவீடுகள் எடுக்கச் சொல்லுங்கள். கம்பம் நகரவில்லை, எண்கள் நகரும். வரைதாளில் பத்துப் புள்ளிகளையும் குறித்தால் ஒரு சிறு கூட்டமாக விழும். திறந்த வெளியில் பொதுவாக மூன்று முதல் பத்து மீட்டர் வரை பிசகு இருக்கும். பிறகு அதையே பள்ளிக் கட்டடச் சுவரை ஒட்டி நின்று செய்யுங்கள். கூட்டம் பரவிவிடும்.

ஏன் என்பதை எட்டாம் வகுப்புக்கே விளக்கிவிடலாம். செயற்கைக்கோள் சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சமிக்ஞை வந்துசேர ஆன நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். நேரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நொடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். சுவரில் மோதி வரும் சமிக்ஞை நீண்ட வழியில் வருவதால் தூரம் கூடுதலாகத் தெரிகிறது. கொல்லிமலையில் ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகளில் இதே நிலைதான். இருபுறமும் பாறை, மேலே வானம் ஒரு கீற்று. அங்கே கருவி தடுமாறும். ஆனால் படிக்கட்டு ஒன்றுதான் வழி என்பதால் அங்கே கருவியே தேவையில்லை.

கூடுதலாக ஒரு செய்தி. 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது; அப்போது பிசகு நூறு மீட்டர் வரை போகும். அதை நிறுத்திய அன்றைக்குத்தான் இந்தச் சிறு கருவிகள் உண்மையில் பயன்படத் தொடங்கின.

மலையில்

கருவியைப் புறப்படும் இடத்தில், திறந்த வெளியில், சில நிமிடம் முன்னதாகவே இயக்கிவிடுங்கள். வண்டி நிற்குமிடத்தை அடையாளப் புள்ளியாகச் சேமியுங்கள். எதைச் செய்ய மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

கருவி காட்டுவது நேர்க்கோட்டுத் தூரம் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எங்கள் பகுதியில் சிரமமே இல்லை. காரவள்ளியிலிருந்து மேலே ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டி வளைந்து வளைந்து ஓடிக்கொண்டே இருக்கும். கருவியில் மீதித் தூரம் குறைவதும் கூடுவதுமாக இருக்கும். "இன்னும் ஒன்றரை கிலோமீட்டர்தான்" என்று திரையைப் பார்த்துச் சொல்லும் குழுத் தலைவரிடம், இடையில் எத்தனை பள்ளம் என்று கேளுங்கள். அதற்கான விடை தாள் வரைபடத்தின் சமஉயரக் கோடுகளில்தான் இருக்கிறது.

மேலே சொன்ன சூரிய மறைவு நேரம் இங்கேதான் உதவும். புறப்படும்போதே அதைப் பார்த்து, திரும்ப வேண்டிய நேரத்தை எழுதி எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். அந்த நேரம் வந்தால் சிகரம் பக்கத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டியதுதான். காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் காலை வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் பலர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. எந்தக் கருவியும் நெருப்பு எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லாது. அன்றைய நிலையை வனக்காவலர் சொல்வார்.

மாணவர்கள் குறித்து வருவதை என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஊற்று, பழைய நடுகல், வழியோர மரம் போன்றவற்றின் நிலையை ஐந்து இலக்கத்தோடு பள்ளிச் சுவரில் ஒட்டலாம். ஆந்தைக் கூடு, தேவாங்கு, அரிய மூலிகை என்றால் வேண்டாம். அந்த எண் திருட்டு வேட்டைக்காரருக்கும் வழிகாட்டும். அதனால் எங்கள் பதிவேட்டில் அவற்றுக்கு இரண்டு தசம இலக்கம் மட்டும் எழுதுகிறோம். இரண்டாம் இலக்கம் என்பது சுமார் 1.1 கி.மீ. எந்த மலைப்பகுதி என்று தெரியும்; எந்த மரம் என்று தெரியாது. முழு எண்ணை வனச்சரக அலுவலகத்துக்கு மட்டும் கடிதமாகக் கொடுத்துவிட்டு, கருவியின் நினைவகத்திலிருந்து அந்தப் புள்ளியை அன்றே அழித்துவிடுகிறோம்.