மருந்துக்கும் மாதிரிப் பாத்தி உண்டு

பேச்சிப்பாறையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தை நம் அங்கத்தினர் பலரும் அறிவர். அத்தகைய நிலையங்களில் ஒரு புதிய வாழை ரகமோ உரமோ தகுதியுடையதா என்பதை எவ்வாறு தீர்மானிக்கிறார்கள்? புதியதை ஒரு பாத்தியிலும் பழையதை அடுத்த பாத்தியிலும் வைக்கிறார்கள். ஒரே மழை, ஒரே வெயில், ஒரே கவனிப்பு. இறுதியில் இரண்டின் குலைகளையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். புதியதை மட்டும் நட்டுவிட்டு, "நன்றாக விளைந்தது" என்று ஒருவர் சொன்னால், "பழையது எவ்வளவு விளைந்தது?" என்று நம் விவசாயி உடனே கேட்பார். நெசவாளரும் அப்படியே. இரண்டு சாயங்களில் எது நிலைக்கும் என்றறிய, ஒரே சிட்டத்து நூலை இரண்டாகப் பிரித்து நனைத்து, ஒரே வெயிலில் உலர்த்திப் பார்ப்பார்.

ஆனால் நோய் என்று வந்துவிட்டால் இந்த வினா மறந்துபோகிறது. "இன்ன மருந்தை உண்டவர் எழுந்து நடந்தார்" என்ற செய்தி கைப்பேசியில் வந்ததும், நகையை அடகு வைத்தாவது அதை வாங்க முற்படுகிறோம். விதைக்கும் நூலுக்கும் வாங்கிய கடன் பயனற்ற வைத்தியத்திற்குச் செலவாகித் தவணை தவறும் குடும்பங்கள் எந்தச் சங்கத்திலும் உண்டு. பணம் போனால் ஈட்டிக்கொள்ளலாம். கண்ணோ உயிரோ போனால் என் செய்வது?

கணக்குப் பார்ப்பது என் தொழில். வைத்தியம் பார்ப்பது அன்று. ஆகவே எந்த நோய்க்கு எந்த மருந்து என்று கூற நான் முற்படவில்லை. மருத்துவ ஆராய்ச்சிச் செய்தி ஒன்று வரும்போது, சங்கத்தின் சரக்கிருப்பைச் சரிபார்ப்பது போல் அதனை எவ்வாறு சரிபார்ப்பது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

வயலிலிருந்து வந்த முறை

மருத்துவ ஆராய்ச்சியின் தலையாய முறை வயலிலிருந்து பெறப்பட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1919ஆம் ஆண்டு பணியேற்ற ரொனால்ட் ஃபிஷர் என்ற கணித அறிஞர், பாத்திச் சோதனைகளில் ஒரு குறையைக் கண்டார். ஆராய்ச்சியாளரே பாத்தியைத் தேர்ந்தெடுத்தால், தம்மையறியாமலே வளமான மண்ணைப் புதிய ரகத்துக்கு ஒதுக்கிவிடக்கூடும். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பதே நேர்மை என்றார் அவர். குலுக்குச் சீட்டில் பெயர் விழுவது யார் கையிலும் இல்லை என்பதால்தானே அதனை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம்?

இம்முறை 1948இல் காசநோய் ஆராய்ச்சியில் புகழ்பெற்றது. அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து புதியது, கிடைப்பதும் அரிது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் 107 நோயாளிகளைச் சீட்டு முறையில் இரு பிரிவாக்கினர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதங்களில் முதற்பிரிவில் இறந்தோர் 4 பேர். இரண்டாம் பிரிவில் 14 பேர். மருந்தின் பயன் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. மருந்தில்லாத அந்த 52 பேர் கணக்கில் இல்லாதிருந்தால், 4 என்ற எண்ணைக் கொண்டு நாம் எதையும் அறிந்திருக்க முடியாது.

சென்னையில் நடந்த சோதனை

அடுத்த பெரிய பாடத்தை உலகுக்கு அளித்தது நம் சென்னையே. 1950களில் காசநோயாளிகளை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் சேர்த்து, நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு அளிக்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் கொள்கை. ஆனால் நோயாளிகளோ எண்ணற்றோர், படுக்கைகளோ சொற்பம். வீட்டிலிருந்தபடியே மருந்துண்டால் குணமாகுமா? குணமாகாதெனில் ஏழைகளுக்கு வழியே இல்லை.

இதனை அறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை கூடி 1956இல் சென்னையில் ஒரு நிலையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. 193 நோயாளிகள் சீட்டு முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மறு பிரிவினர் தத்தம் வீடுகளில். இரு பிரிவினர்க்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் அதே மருந்துகள். வீட்டிலிருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். உணவும் குறைவு, ஓய்வும் குறைவு.

1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு இறுதியில் நோய் அடங்கியோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86. எளிய குடிலிலும் மருந்து தன் வேலையைச் செய்தது. நோயாளி வீட்டிலிருந்தால் குடும்பத்தாருக்குத் தொற்று மிகும் என்ற அச்சமும் இருந்தது. ஐந்தாண்டுகள் கவனித்தபோது, வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பங்களில் நோய் கூடுதலாகக் காணப்படவில்லை. உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே குணமடையும் வழி இதனால் திறந்தது.

கேட்ட கேள்வி எது?

"அப்படியானால் காசநோய்க்கு உணவு முக்கியமன்று" என்று இதிலிருந்து சிலர் முடிவு கட்டினர். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். சென்னைச் சோதனை கேட்டது, "மருந்துண்ணும் நோயாளி வீட்டில் குணமாவாரா?" என்ற ஒரு கேள்வியே. அதற்குரிய விடையை வேறொரு கேள்விக்குப் பொருத்துவது, நூல் கணக்கின் இருப்பைச் சாயக் கணக்கில் எழுதுவது போன்றது.

வேறொரு கேள்வியை ஜார்க்கண்ட் மாநிலத்தில் கேட்டார்கள். நோயாளியின் வீட்டாருக்கு நல்லுணவு கொடுத்தால் அவர்களை நோய் அண்டாது தடுக்கலாமா? மங்களூரைச் சேர்ந்த மருத்துவர் அனுராக் பார்கவா தலைமையில், சென்னை நிறுவனமும் பங்குகொண்ட இந்த ஆராய்ச்சி 2019இல் தொடங்கியது. நான்கு மாவட்டங்களின் 28 காசநோய்ப் பிரிவுகள் சீட்டு முறையில் இரண்டாக்கப்பட்டன. 2,800 நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள் வழங்கப்பட்டது. ஒரு பகுதியில் மட்டும் வீட்டாருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, ஊட்டச்சத்து மாத்திரைகள். இவ்வாறு கவனிக்கப்பட்ட வீட்டார் இரு பகுதிகளிலும் சேர்ந்து 10,345 பேர்.

2023இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற வீட்டாரிடையே காசநோய் 39 சதவீதம் குறைந்திருந்தது. இங்கே கணக்கு நோக்கில் ஒன்று சொல்ல வேண்டும். "39 சதவீதம்" என்றால் நூறு பேரில் 39 பேர் தப்பினர் என்பது பொருளன்று. இரு பகுதிகளிலும் சேர்த்து நோயுற்றோர் 218 பேரே. அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய இருவர். அந்தச் சிறு தொகையில்தான் குறைவு ஏற்பட்டது. சதவீதம் கண்டால், "எதில் சதவீதம்?" என்று கேட்கவேண்டும். எனினும் அரிசியும் பருப்பும் கொண்டு ஒரு கொடிய நோயைத் தடுக்க முடியும் என்பது சிறிய செய்தியன்று.

புதியது எல்லாம் சிறந்ததன்று

மூன்றாவது எடுத்துக்காட்டு கண்ணைப் பற்றியது. நெற்பதரோ, தென்னோலை நுனியோ, ரப்பர் மரப் பட்டைச் சீவலோ கண்ணில் பட்டுக் கருவிழியில் புண் உண்டாவது உழைப்போர்க்கு நேரும் துன்பம். அப்புண்ணில் பூஞ்சைக் கிருமி பற்றினால் பார்வையே போகக்கூடும்.

இதற்கு நேட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து உண்டு. 1955இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டறியப்பட்டது அது. பின்னர் வந்த வோரிகொனசோல் புதியது. மேலானதாக இருக்கும் என்று பலர் நம்பினர். தமிழ்நாட்டின் அரவிந்த் கண் மருத்துவமனைகளும் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராக்டர் நிலையமும் சேர்ந்து 2010, 2011ஆம் ஆண்டுகளில் 323 நோயாளிகளைச் சோதனையில் சேர்த்தன. எவருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்வையை அளக்கும் மருத்துவருக்கும் தெரியாது. இதுவும் நேர்மைக்கான ஏற்பாடே. தன் சரக்குக்குத் தானே தரம் போடுபவரின் கண் தவறக்கூடும் அல்லவா?

புதிய மருந்து பெற்றோரில் கருவிழி துளைபட்டு அறுவை தேவைப்பட்டோர் மிகுந்ததால், கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைப்படி ஆள் சேர்ப்பது முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2013இல் வெளியான முடிவு, பழைய நேட்டாமைசினே பார்வையைச் சிறப்பாகக் காத்தது என்பதாகும்.

இதிலிருந்து எவரும் தாமே கடையில் சொட்டு மருந்து வாங்கத் துணியலாகாது. எந்தக் கிருமி என்று சோதித்தறிந்த பின்னரே மருந்து முடிவாகும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து பூஞ்சைப் புண்ணை மேலும் பரப்பிவிடும். கண்ணில் ஏதேனும் பட்டால் கசக்காமல் தூய நீரால் கழுவி, தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விடாமல், உறுத்தலோ சிவப்போ நீடித்தால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

அண்டை வட்டத்தின் பாடம்

கடைசியாக நீரிழிவு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேர் கலந்துகொண்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் மேற்கொண்டோரில் 39.3, மெட்ஃபார்மின் மாத்திரை உண்டோரில் 40.5; இரண்டையும் மேற்கொண்டோரில் 39.5. நடை, மாத்திரைக்குச் சமமாக நின்றது.

இதனை ஊர்க் குழுக்கள் வாயிலாகச் செய்ய முடியுமா என்று நம் மாவட்டத்தை அடுத்த நெய்யாற்றின்கரை வட்டத்தில் சோதித்தார்கள். 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேர் பங்குகொண்டனர். அந்தந்தப் பகுதியினரே பயிற்சி பெற்றுத் தம் அயலாரைக் கூட்டிப் பேசினர். 2018இல் வெளிவந்த முடிவு: ஈராண்டுகளில் நீரிழிவு உண்டானோர் குழுக்கள் இருந்த பகுதிகளில் நூற்றுக்கு 14.9; இல்லாத பகுதிகளில் 17.1. வெற்றி என்று கொட்டு முழக்கத் தோன்றும். ஆராய்ச்சியாளர் அவ்வாறு செய்யவில்லை. இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடும் என்று வெளிப்படையாக எழுதினர். மதுப்பழக்கம் குறைந்ததும் காய்கனி உண்பது கூடியதும் அவர்கள் கண்ட நன்மைகள். நஷ்டத்தை மறைக்காத சங்கத்தின் கணக்கைத்தான் நாம் நம்புகிறோம். ஆராய்ச்சிக்கும் அதுவே உரைகல்.

அங்கத்தினர் கேட்கவேண்டிய ஐந்து வினாக்கள்

ஒரு மருந்துச் செய்தி வந்தால் பின்வருவனவற்றைக் கேட்போமாக.

1. மருந்து பெறாதோர் அல்லது பழைய மருந்து பெற்றோர் ஒப்பிடப்பட்டனரா?
2. இரு பிரிவினரையும் சீட்டு முறையில் பிரித்தார்களா, விரும்பியபடி சேர்த்தார்களா?
3. எத்தனை பேர்? அவர்களுள் எத்தனை பேருக்குப் பயன்? சதவீதம் எதில்?
4. கேட்ட கேள்வி என்ன? நம் நிலைமைக்கு அது பொருந்துமா?
5. சொல்பவர் அம்மருந்தை விற்பவரா?

இவற்றுக்கு விடை கிட்டாத செய்திக்காகக் கடன் வாங்கவேண்டாம். விடை கிட்டினாலும் முடிவு செய்வது மருத்துவரைக் கலந்த பின்னரே.

சங்கமும் செய்யத்தக்கது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிக்கும் அங்கத்தினரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். சிகிச்சை பெறுவோர்க்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. இதனை அறியாத குடும்பங்களுக்கு அறிவிப்பது சங்கத்தின் கடமை. நோயை மறைக்கும் வெட்கமே மருந்தைத் தாமதப்படுத்துகிறது என்பதையும் கூட்டங்களில் எடுத்துரைக்க வேண்டும்.

படிப்பு வட்டங்களில் விவாதிக்க

1. சென்னைச் சோதனையில் சானடோரியத்து நோயாளிகளை மட்டும் கவனித்திருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்?
2. நெய்யாற்றின்கரையில் கண்ட வேறுபாட்டை ஆராய்ச்சியாளர் ஏன் வெற்றி என்று அறிவிக்கவில்லை?
3. சென்ற மாதம் உங்கள் கைப்பேசிக்கு வந்த மருந்துச் செய்தி ஒன்றை எடுத்து, மேற்கண்ட ஐந்து வினாக்களையும் கேட்டுப் பாருங்கள். எத்தனைக்கு விடை கிட்டுகிறது?